ஓதத்தின் ஊற்றுக்கண்

வீட்டிலே நேரும் பழுதுகளிற் பெரும்பாலன தம்மைத் தாமே அறிவித்துக்கொள்வன. ஓடு உடையின் மழை உள்ளே வரும். கதவின் கீல் தேயின் ஓசை எழும். குழாயின் வாய் ஒழுகின் அதன் சொட்டொலியே நள்ளிரவில் நம்மை எழுப்பிவிடும். குளியலறைத் தளத்தின் கீழ் மறைந்து நிற்கும் ஈரமோ அத்தன்மைத்தன்று. அஃது உண்டாகும் இடம் ஒன்று. வெளிப்படும் இடம் மற்றொன்று. அடுத்துள்ள படுக்கையறைச் சுவரின் அடிப்பூச்சுப் பொரிந்து உதிர்கின்றது. நிலையின் கால் கறுத்து இற்றுப்போகின்றது. கீழ்வீட்டார் தம் தலைக்கு மேலே மஞ்சட்கறை படர்ந்திருப்பதாக மேலேறி வந்து முறையிடுகின்றனர். உடனே கொத்தர் வருகின்றார். ஈரங்கண்ட இடத்தை உடைத்துப் புதிய சாந்து பூசிச் செல்கின்றார். ஒரு திங்களோ இரு திங்களோ கழிந்தபின், புதிய பூச்சின் மேலேயே பழைய ஈரம் மீண்டும் எழுகின்றது.

சுவரிலும் தரையிலும் ஊறி நிற்கும் இவ்வீரத்திற்கு ஓதம் என்பது நம் மக்கள் வழங்கும் பெயர். கடலுக்கும் அதன் அலைக்கும் உரிய பெயரும் அதுவே. வீட்டுக்குள் புகுந்த சிறு கடல் என்று கொள்ளினும் பிழையாகாது. அத்துணைத் தீங்கு அதனால் விளைகின்றது. காங்கிரீட்டுத் தளத்தின் உள்ளே கிடக்கும் இரும்புக் கம்பிகளைச் சிமெண்டின் காரத்தன்மை துருவினின்றும் காத்து நிற்கும். நாட்பட்ட ஈரம் அக்காவலை அழிக்கும். கடற்கரையூர்களில் ஆழ்குழாய்க் கிணற்று உவர்நீரைப் புழங்குமிடத்து, அந்நீரிலுள்ள உப்பு அவ்வழிவை விரைவுபடுத்தும். துருவானது தான் உண்டான இரும்பினும் இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தை வேண்டுவது. ஆதலின் அது தன்னைச் சூழ்ந்த காங்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். கீழ்வீட்டுக் கூரையினின்றும் கைப்பலகையளவு பூச்சு ஒருநாள் திடீரென வீழ்வது இதனாலேதான். அதன் கீழே தொட்டில் கட்டியிருக்கவும் கூடும். மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஆண்டுக்கணக்கில் முகங்கொடுத்துப் பேசாதொழிந்த குடியிருப்புக்கள் நம் நகரங்களிற் பல உள. அவற்றுட் சிலவற்றில் அப்பகைக்கு முதல் இந்த ஓதமே.

நம் முன்னோர் வீடுகளில் இவ்வினா எழுந்ததில்லை. குளிக்குமிடம் கொல்லைப்புறத்தே கிணற்றடியில் இருந்தது. சிந்திய நீர் வாழைக்குச் சென்றது. நீர் புழங்கும் அறையைப் படுக்கையறையோடு ஒட்டி வைத்ததும், அதனையும் ஒன்றன்மேலொன்றாக மாடிகளில் அடுக்கியதும், குழாய்களைச் சுவரினுள்ளும் தளத்தினுள்ளும் புதைத்து மறைத்ததும் பிற்கால வழக்கம். கண்ணுக்கு அழகாக இருத்தற்பொருட்டுக் குழாயை மறைத்தோம். குழாயோடு கசிவும் மறைந்தது.

இனி, மறைந்த நீர் எவ்வாறு நடக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். நம் அடுக்குவீடுகளிற் பலவற்றில், குளியலறைக்குரிய காங்கிரீட்டுத் தளம் ஏனைய அறைகளின் தளத்தினும் ஏறக்குறைய ஓரடி தாழ்த்தி வார்க்கப்படுகின்றது. அப்பள்ளத்திலே கழிநீர்க் குழாய்களைக் கிடத்தி, மேலே செங்கல் ஜல்லியை நிரப்பி, அதன்மேற் சாந்திட்டு, வாட்டம் பார்த்துத் தளவோடு பதிப்பர். ஆகவே நாம் காலூன்றும் தளவோட்டிற்கும் அடியிலுள்ள காங்கிரீட்டிற்கும் இடையே ஒரு சிறு தொட்டியே உள்ளது எனலாம். ஜல்லியின் இடைவெளிகளில் நீர் தங்கும். எங்கே ஒரு சிறு பிளவு இருப்பினும் அதன் வழியே புகுந்த நீர் முதலில் இத்தொட்டியை நிறைக்கின்றது. நிறைந்தபின் தனக்கு எளிதான வழியைத் தேடுகின்றது. அவ்வழி வடமேற்கு மூலையில் இருக்க, நீர் புகுந்த பிளவு தென்கிழக்கு மூலையில் இருக்கலாம். இதனாலேதான் ஈரங்கண்ட இடத்தை உடைப்பவர் பெரும்பாலும் ஏமாறுகின்றனர்.

நீர் கீழ்நோக்கி இழிதல் யாவரும் அறிந்தது. அது மேல்நோக்கியும் ஏறும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுமாறு, செங்கல்லும் சாந்தும் தம் நுண்புழைகளின் வழியே நீரை உறிஞ்சி ஏற்றுகின்றன. புழை எத்துணைக்கெத்துணை நுண்ணியதோ அத்துணைக்கத்துணை உயரமாக நீர் ஏறும் என்னும் விதியை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து கூறியவர் ஜேம்ஸ் ஜூரின் என்னும் ஆங்கில மருத்துவர். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிப் புழையில் நீர் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் ஏறும். ஆரம் அதன் நூற்றிலொரு பங்காயின் ஏற்றம் நூறு மடங்காகி ஒன்றரை மீட்டரை எட்டும். சுவரிலே இவ்வளவு உயரம் ஏறுவதில்லை; ஏறும் வழியெல்லாம் நீர் ஆவியாகிக்கொண்டே இருத்தலின் பாதியிலேயே நின்றுவிடும். நின்ற இடத்தில் தான் கொணர்ந்த உப்பை விட்டுச்செல்லும். சுவரின் அடியில் முழங்காலளவில் வெண்ணிறமாகப் பூத்து நிற்கும் உப்புக்கோடு அதுவே.

இவ்வேற்றத்தின் விரைவைப்பற்றி 1921-இல் வாஷ்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர் கண்ட கணக்கொன்று நமக்கு மிகவும் பயன்படுவது. நுண்புழைகளில் நீர் செல்லும் தொலைவு இருமடங்காக வேண்டுமாயின் அதற்கு நான்கு மடங்கு காலம் வேண்டும். முதல் ஒரு சாண் தொலைவை ஒரு நாளில் ஊறிக் கடந்த ஈரம், மூன்று சாண் தொலைவை எட்ட ஒன்பது நாட்கொள்ளும். எனவே, இன்று காலை தளத்தில் நீர் ஊற்றிவிட்டு, மாலையில் சுவரைத் தடவிப் பார்த்து, "இதனால் அன்று" எனத் தீர்ப்புக் கூறுவது பயனற்ற வேலை. ஓதத்தின் மூலத்தைத் தேடுபவனுக்குக் கரணையினும் முன்னதாக வேண்டுவது பஞ்சாங்கமே.

இக்காரணத்தால், "ஈரம் எங்கே இருக்கின்றது?" என்னும் வினாவினும், "ஈரம் எப்பொழுது மிகுகின்றது, எப்பொழுது குறைகின்றது?" என்னும் வினாவே சிறந்தது. இடம் பொய்யுரைக்கும், காலம் அங்ஙனம் எளிதிற் பொய்யுரையாது. வீட்டார் ஊருக்குச் சென்றிருந்த நாட்களிலும் ஈரம் குறையவில்லையாயின், எந்நேரமும் நீர் நிறைந்து நிற்கும் வரவுக்குழாயை ஐயுறுதல் வேண்டும். ஆளில்லாத நாட்களில் உலர்ந்து, குளிக்கத் தொடங்கிய சில நாட்களில் மீண்டும் தோன்றுமாயின், ஐயம் தளத்தின் மேலும் கழிநீர்க் குழாயின் மேலும் செல்லும். ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டுமே மிகுவதாயின் வெளிச்சுவரையோ, தரைமட்ட வீடாயின் நிலத்தடி ஈரத்தையோ நோக்கவேண்டும். விடியற்காலையில் தோன்றி நண்பகலில் மறைவதாயின், அது கசிவே அன்றாயிருத்தலும் கூடும்.

கடைசியிற் கூறியதை முதலில் ஆராய்ந்து விலக்கிவிடுதல் நலம்; அதற்குச் செலவு ஏதும் இல்லை. காற்றிலே எப்பொழுதும் நீராவி கலந்துள்ளது. காற்றுக் குளிருங்கால் அதன் நீராவியைத் தாங்கும் ஆற்றல் குறையும். ஒரு குறித்த வெப்பநிலையில் மிகுதியான ஆவி நீர்த்துளியாய்ப் படியும். அதனைப் பனிநிலை என்பர். 30 பாகை வெப்பமும் நூற்றுக்கு 80 பங்கு ஈரப்பதமும் உள்ள காற்றுக்குப் பனிநிலை ஏறக்குறைய 26 பாகை. சென்னை போன்ற கடற்கரை நகரில் இஃது அரிய நிலையன்று. குளியலறையை ஒட்டிய படுக்கையறையில் இரவெல்லாம் குளிர்சாதனப் பொறியை ஓடவிட்டு 22 பாகைக்குக் குளிர்விப்பாராயின், இடையிலுள்ள மெல்லிய சுவரும் குளிர்ந்து, குளியலறைப் பக்கத்தில் வியர்க்கத் தொடங்கும். வியர்வை ஒழுகித் தரையிற் சேரும். வீட்டார் குழாய் உடைந்ததென்பர். தண்ணீர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைக் கண்டு செம்பு ஓட்டை என்பார் உண்டோ?

இதனைத் தெளிய ஓர் எளிய வழி உண்டு. ஈரமுள்ள இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பிளாஸ்டிக் தாளை அதன்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாவண்ணம் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுக. குறைந்தது 16 மணி நேரம் சென்றபின் எடுத்துப் பார்க்க. தாளின் அடிப்புறத்தில் நீர் முத்துக்கள் அரும்பியிருப்பின், அல்லது அடியிலுள்ள தளம் நிறம் கறுத்திருப்பின், ஈரம் தளத்தின் உள்ளிருந்து எழுகின்றது. அடிப்புறம் உலர்ந்தும் மேற்புறம் நனைந்தும் இருப்பின் அது காற்றினின்றும் படிந்தது. காங்கிரீட்டுத் தளங்களில் மெழுகுத்துணியோ வண்ணப்பூச்சோ இடுவதன் முன் பொறியியலார் கையாளும் முறையும் இதுவே.

அடுத்து வரவுக்குழாய். தெருக்குழாயில் அளவுமானி உள்ள வீடாயின், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மானியின் சிறுமுள்ளை ஒரு மணி நேரம் நோக்கியிருந்தாற் போதும். முள் நகருமாயின் எங்கோ நீர் போகின்றது. நம் வீடுகளிற் பெரும்பாலனவற்றில் நீர் மேல்தொட்டியினின்றே இறங்குதலின் இம்முறை உதவாது. தொட்டியின் நீர்மட்டத்தைக் கோடிட்டு நோக்கலாமே எனின், அதன் எல்லையை அறிந்துகொள்க. நொடிக்கொரு துளி வீதம் ஒழுகும் கசிவு, 20 துளி 1 மில்லிலிட்டர் எனக் கொண்டால், ஒரு நாளில் 4 லிட்டருக்குச் சற்று மேற்படும். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் 1 லிட்டர் நீர் குறைந்தால் மட்டம் 1 மில்லிமீட்டரே தாழும். ஓர் இரவு முழுதும் காத்திருந்தாலும் இரண்டு மில்லிமீட்டர் தாழ்வையும் காண இயலாது. ஆனால் அதே 4 லிட்டர் நாள்தோறும் ஜல்லிக்குள் இறங்குமாயின் கீழ்வீட்டுக் கூரையை ஒரு பருவத்திற் பாழாக்கிவிடும். ஆகையால் மட்டத்தை நோக்குவதினும், குளியலறைக்குச் செல்லும் கிளைக்குழாயின் அடைப்பானை ஒரு வாரத்திற்கு மூடிவிட்டு, வேண்டும் நீரை வாளியிற் கொண்டுவந்து வழக்கம்போற் குளிப்பதே தெளிவான சோதனை. ஈரம் வற்றத் தொடங்கின் குற்றம் வரவுக்குழாயினது. இவ்வாறு ஐயம் உறுதிப்பட்டபின், குழாய்த்தொழிலாளர் எல்லா வாய்களையும் அடைத்துக் கைப்பம்பினால் நீரழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் நிற்கின்றதா இறங்குகின்றதா எனப் பார்த்து முடிவு செய்வர்.

தளமா, கழிநீர்க் குழாயா என்பதைப் பிரித்தறிவதே இவ்வாராய்ச்சியின் கடினமான பகுதி. என்னை? குளிக்குங்கால் இரண்டும் ஒருங்கே நனைகின்றன. இவ்விடத்தில், ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தம் தருக்க நூலில் வேற்றுமை முறை என வகுத்ததை நினைவுகூர்தல் பொருந்தும்: இரண்டு நிலைகள் ஒன்றே ஒன்றில் மட்டும் வேறுபட்டு, ஒன்றில் விளைவு தோன்றி மற்றொன்றில் தோன்றாதிருப்பின், அவ்வேறுபாடே காரணம் அல்லது காரணத்தின் பகுதியாம். வகுப்பறையில் இம்முறையை மனப்பாடம் செய்த நம் மாணவர் அதனைக் குளியலறையிற் கையாளலாகாது என்னும் விதி ஒன்றும் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மகனோடு வசிக்கும் இரண்டாம் மாடி வீட்டில் இது நிகழ்ந்தது. குளியலறைத் தளவோடுகள் இருமுறை பெயர்க்கப்பட்டு இருமுறை புதிதாகப் பதிக்கப்பட்டிருந்தன. கீழ்வீட்டாரின் கூரையிலோ கறை வளர்ந்துகொண்டே இருந்தது. குடியிருப்போர் சங்கத்திற்கு ஓலை சென்றுவிட்டது. மூன்றாம் முறையும் உடைப்பதற்கு மகன் ஆயத்தமாயிருந்தார். தந்தையோ ஒரு மாத காலம் தவணை கேட்டார். இளமையில் பௌதிகம் கற்பித்தவர். அவருக்குப் பென்சிலும் நாட்குறிப்பும் போதுமானவையாயிருந்தன.

முதலில், கீழ்வீட்டாரின் இசைவு பெற்றுக் கறையின் ஓரத்தைப் பென்சிலாற் சுற்றி வரைந்து தேதியிட்டார். தம் படுக்கையறைச் சுவரின் அடியிலும் அவ்வாறே செய்தார். கிளைக்குழாயின் அடைப்பானை மூடி, வாளிநீரில் ஒரு வாரம் குளித்தனர். கறை குறையவில்லை. வரவுக்குழாய் குற்றமற்றது என விடுவிக்கப்பட்டது. பின்னர்ப் பத்து நாள் அவ்வறையையே புழங்காது மற்றொரு குளியலறையைப் புழங்கினர். கறையின் ஓரம் வெளுத்துப் பென்சிற்கோட்டினின்றும் உள்வாங்கியது. ஜல்லித்தொட்டி வற்றுகின்றது என்பது இதனால் விளங்கிற்று. இப்பத்து நாள் உலர்த்துதலைச் செய்யாது விட்டிருப்பின் பின்வரும் சோதனைகளால் ஏதும் விளங்கியிராது. ஏற்கெனவே நிறைந்த பாத்திரத்தில் ஊற்றும் நீர் எவ்வழியே வந்ததென எவர் கூறவல்லார்?

அதன்பின், தரைநடுவே உள்ள ஜலதாரை வாயைத் துணிசுற்றிய ரப்பர்ப் பந்தினால் இறுக அடைத்து, ஓரங்குல ஆழத்திற்கு நீர் நிறுத்தினார். நீர் தானே ஆவியாகிக் குறைவதையும் கணக்கிட வேண்டுமாதலின், அந்நீரின் நடுவிலேயே ஒரு தட்டையான பாத்திரத்தில் நீர் வைத்து, இரண்டின் மட்டத்தையும் கோலாலளந்து குறித்துவந்தார். இந்நுட்பம் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. இரண்டு நாட்களிலும் இரண்டும் ஒரே அளவாகவே குறைந்தன. தளத்து நீர் ஆவியாயிற்றேயன்றிக் கீழே இறங்கவில்லை. இருமுறை மாற்றப்பட்ட தளவோடுகள் முதலிலிருந்தே குற்றமற்றவையாக இருந்திருக்கவும் கூடும்.

நிறுத்திய நீரை ஜலதாரையில் விடாது குவளையால் மொண்டு வாளியில் எடுத்துத் தளத்தைத் துடைத்தனர். பின்னர் நீண்ட புனலொன்றை ஜலதாரையின் வாயிற் பொருத்தி, தளத்தில் ஒரு துளியும் சிந்தாது நாள்தோறும் பத்து வாளி நீர் ஊற்றினர். நான்காம் நாள் காலையிற் கீழ்வீட்டாரே மேலேறி வந்து, கறை பென்சிற்கோட்டைத் தாண்டிவிட்டதெனக் கூறினர். அன்று அவர்கள் முகத்திற் சினம் இல்லை. தேர்வின் விடையை முதலில் அறிந்தவர்க்கு உண்டாகும் களிப்பே இருந்தது என்பர். ஜலதாரையைச் சுற்றி ஒரு சதுர அடி மட்டுமே உடைக்கப்பட்டது. நம் தொழிலாளர் நஹானி என்று வழங்கும் நீர்ப்பூட்டுக் கிண்ணம், அதன் கீழ்க் குழாயோடு இணையும் இடத்திற் கழுத்தைச் சுற்றிப் பிளந்திருந்தது.

இப்பிளவு பெரும்பாலும் நேரும் இடமாதலின் அதன் காரணத்தையும் கூறுதல் தகும். பிளாஸ்டிக்குக் குழாய் வெந்நீர் பட்டால் சிமெண்டினும் பன்மடங்கு விரியும், குளிர்ந்தாற் சுருங்கும். வழுவழுப்பான அதன் மேற்புறத்தைச் சிமெண்டுச் சாந்து உறுதியாகப் பற்றுவதுமில்லை. காலையும் மாலையும் விரிந்து சுருங்கும் குழாயைச் சுற்றி மயிரிழையளவு இடைவெளி உண்டாகின்றது. மயிரிழை நீருக்குப் பெருவழி. அவ்வாறே, தளமும் சுவரும் கூடும் மூலையும் பிளவுக்கு இடமானது. தளம் ஒருவாறு அசைய, சுவர் வேறொருவாறு அசைதலின் அங்கே இட்ட வெள்ளைச் சிமெண்டு விரைவில் விரிந்துவிடும். தூவுகுழாயின் நீர் சுவரில் மோதும் வீடுகளில், தளத்தில் நீர் நிறுத்தும் சோதனை தேறியபின்னும் சுவரை மட்டும் தனியே நனைத்துப் பார்த்தல் வேண்டும்.

மலங்கழிக்கும் பீடத்தின் நீர்ப்பெட்டி உள்ளுக்குள்ளே ஒழுகுகின்றதா என்று அறிவதற்கு, பெட்டி நீரிற் சிறிது வண்ணங் கலந்து அரைமணி நேரம் இழுக்காது விடுக. பீடத்து நீரில் வண்ணம் தோன்றின் அடைப்பு தேய்ந்துள்ளது. இது சிறு சோதனை. வண்ணத்தால் மறைவழி காணும் இம்முறைக்குப் பெருஞ்சரித்திரம் ஒன்று உண்டு. ஜெர்மனியில் இம்மென்டிங்கன் என்னும் ஊருக்கருகே டான்யூபு நதியின் நீர் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளில் இறங்கி மறைகின்றது; கோடையில் ஆற்றுப்படுகையே வறண்டுபோவதும் உண்டு. தெற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில் ஆஃக் என்னுமிடத்தே பெருநீரூற்று ஒன்று பொங்கி, ரைன் நதியைச் சேர ஓடுகின்றது. அங்கே எழுவது இங்கே இழந்த நீர்தானா என்பது இருபுறத்தும் ஆலை வைத்திருந்தார்க்குள் வழக்காயிற்று. 1871-இல் அடால்ஃபு பேயர் என்னும் இரசாயன அறிஞர் ஆக்கிய புளோரசீன் என்னும் சாயப்பொருள் மிகச் சிறிய அளவிலும் பசுமையாய் ஒளிர்வது. 1877-இல் அதன் உப்பு 10 கிலோகிராம் டான்யூபு நீரிற் கரைக்கப்பட்டது. ஏறக்குறைய 60 மணி நேரம் சென்றபின் ஆஃக் ஊற்றுப் பச்சையாய்ப் பொங்கிற்று. மூலம் தெளிவாயிற்று, வழக்கோ தீரவில்லை. அது 1927-இல் நாடுகளுக்கிடையேயான வழக்காக ஜெர்மானியப் பேரரசின் நீதிமன்றம் வரையிற் சென்றது. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் நடக்கும் வழக்கு நாடுகளுக்கும் நடக்கும் போலும்!

காரத்தில் இச்சாயம் நன்கு ஒளிர்தலின் சிமெண்டு சூழ்ந்த இடங்களுக்கும் ஏற்றது. தளத்து நீருக்கு ஒரு வண்ணமும் ஜலதாரை நீருக்கு வேறு வண்ணமும் இட்டு இரண்டையும் ஒரே காலத்திற் சோதிப்பவரும் உளர். ஆயினும் செங்கல் ஜல்லி சாயத்தை ஓரளவு பற்றி வைத்துக்கொள்ளும். ஆதலின் வண்ணம் தோன்றினால் அது சான்று. தோன்றாதொழியின் அதனை மறுப்புக்குச் சான்றாகக் கொள்ளற்க.

இக்காலத்துக் கருவிகளைப்பற்றி ஒரு சொல். சுவரில் இரு முட்களை ஊன்றி ஈரம் இத்துணை எனக் காட்டும் மின்கருவி உண்மையில் அளப்பது மின்தடையை. உப்புப் படிந்த சுவர் உலர்ந்திருப்பினும் அது ஈரமெனக் காட்டிவிடக்கூடும். வெப்பக் கதிர்களைப் படமாக்கும் காமிராவும் நீரைக் காண்பதில்லை. நீர் ஆவியாகுங்கால் குளிர்ந்த இடத்தையே காண்கின்றது. குளிர்சாதன அறையின் அருகே அதன் சான்று ஐயத்திற்குரியது. சாந்தைச் சுரண்டியெடுத்துக் கால்சியம் கார்பைடுப் பொடியோடு மூடிய கலத்திற் குலுக்கி, எழும் அசிட்டிலீன் வாயுவின் அழுத்தத்தால் நீரின் அளவைக் காணும் முறை இவற்றினும் நம்பத்தக்கது. ஆனால் இவை யாவும் ஈரம் எங்கே, எவ்வளவு என்று கூறுமேயன்றி, எங்கிருந்து வந்தது என்று கூறமாட்டா. அவ்வினாவிற்கு நாட்குறிப்பே விடையளிக்கும்.

மூலத்தைக் கண்டு அடைத்தபின்னும் உடனே சுவருக்கு வண்ணம் பூசுதல் வேண்டா. ஜல்லியிலும் காங்கிரீட்டிலும் தங்கிய நீர் வெளியேற வாரங்கள் செல்லும். சில வீடுகளில் மாதங்களும் செல்லும். பொரிந்த பூச்சைச் சுரண்டி எடுத்துச் செங்கல்லைக் காற்றாட விட்டுவைத்தல் நன்று. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையாற் பெருக்கி அள்ளி அப்புறப்படுத்துக; நீர் தெளித்துக் கழுவின் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே புகும். அவ்வுப்பிற் சிலவகை காற்றின் ஈரத்தையும் ஈர்க்கவல்லன. மாரிக்காலத்தில் பழைய கறை மீண்டும் கறுத்துத் தோன்றின், அடைத்த வாய் திறந்துவிட்டதென்று அஞ்சிக் கொத்தரை அழைக்குமுன், பிளாஸ்டிக் தாளை எடுத்து மறுமுறையும் ஒட்டிப் பார்க்க.

புதிதாக வீடு கட்டுவோர், தாழ்த்திய தளத்தின் அடிமட்டத்திலிருந்து வெளிச்சுவர் வழியே ஒரு விரற்கடையளவு குழாயை வாட்டமாக வைத்து, அதன் வாயை யாவரும் காணத் திறந்துவிடுமாறு கொத்தரிடம் கூறிவைக்கலாம். ஜல்லிக்குள் நீர் சேருமாயின், கீழ்வீட்டுக் கூரையைத் தேடாது அக்குழாயின் வழியே வெளியிற் சொட்டும். அது சொட்டத் தொடங்கிய தேதியைக் குறித்துவைத்துக்கொண்டால் தேடுதலிற் பாதி முடிந்தது.